வெள்ளீயம் அறிந்து வாங்கவும், பூசவும், புழங்கவும்: முழுமையான வழிகாட்டி

வீட்டில் வெள்ளீயம் (ஆங்கிலத்தில் டின்) நம் கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டு உருவங்களில்தான். ஒன்று, ரசம் வைக்கும் ஈயச்சொம்பு. மற்றொன்று, பித்தளைத் தவலை, அண்டா, அடுக்கு ஆகியவற்றின் உட்புறத்தில் வெள்ளையாக மின்னும் பூச்சு. ஈயச்சொம்பு, ஈயம் பூசுதல் என்று இங்கே வருமிடங்களில் ஈயம் என்பது வெள்ளீயமே. அதே உலோகம் தகர டப்பாவின் மேல் மெல்லிய படலமாகவும், கைபேசியின் உள்ளே சால்டரிங் பற்றாகவும், வாங்கும்போது யாரும் எண்ணிப் பார்க்காத வேறு பல பொருள்களிலும் இருக்கிறது. இந்த வழிகாட்டி முதலில் உலோகத்தின் இயல்பைச் சொல்லி, பிறகு வாங்கும்போது சோதிப்பது, பித்தளைக்கு ஈயம் பூசுவது, அடுப்பில் ஏற்றுவது, கழுவிப் பேணுவது என்ற வரிசையில் செல்கிறது. சோதனையையும் பூச்சையும் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன். ஏனெனில் உடல்நலத்துக்குக் கேடு வரும் வழிகள் அந்த இரண்டு இடங்களில்தான் உள்ளன.

உலோகத்தின் இயல்பு

வெள்ளீயத்தின் அணு எண் 50. அதன் வேதிக் குறியீடான எஸ்என், ஸ்டானம் என்ற இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. அதன் முதன்மையான தாது காசிட்டரைட் என்னும் ஆக்சைடு. இந்தியாவில் இத்தாது கிடைப்பது சத்தீஸ்கரின் பஸ்தர் வட்டாரத்தில். ஆனால் நம் தேவையில் பெரும்பகுதி இறக்குமதியாகவே வருகிறது. இந்தோனேசியாவின் பங்கா தீவும், ஈப்போவை மையமாகக் கொண்ட மலேசியாவின் கிந்தா பள்ளத்தாக்கும் இந்த உலோகத்தால் பெயர் பெற்றவை.

சமையலறையில் இதன் நடத்தையைத் தீர்மானிக்கும் முதல் பண்பு, அது மிகக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடுவது. வெள்ளீயம் ஏறத்தாழ 232 பாகை செல்சியசில் உருகுகிறது. காரீயத்துக்கு (ஆங்கிலத்தில் லெட்) 327, துத்தநாகத்துக்கு 419, அலுமினியத்துக்கு 660, செம்புக்கு 1085 பாகை வேண்டும். சமையல் எரிவாயுவின் சுடர் ஆயிரம் பாகையை எளிதில் தாண்டிவிடும் என்பதால், வெறும் ஈயச்சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினால் அடிப்பாகம் ஒழுகியிருக்கும். இதே குறைந்த உருகுநிலைதான், ஒரு கரியடுப்பையும் பஞ்சையும் மட்டும் வைத்துக்கொண்டு தெருவோரத்திலேயே பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைச் சாத்தியமாக்குகிறது.

இரண்டாவது பண்பு, மென்காடியோடு, அதாவது வீரியம் குறைந்த அமிலத்தோடு, அது காட்டும் பொறுமை. காற்றில் வெள்ளீயத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. புளி, தக்காளி, எலுமிச்சை போன்ற உணவுப் புளிப்புகள் சமைக்கும் நேரத்துக்குள் அதை மிகக் குறைவாகவே கரைக்கின்றன. செம்பும் பித்தளையும் அப்படியல்ல. அவற்றில் புளிக்குழம்பை வைத்தால் களிம்பேறி, செம்பு உணவில் இறங்கும். குமட்டலும் வாந்தியும் வரும். ஆயினும் வெள்ளீயம் எதற்கும் அசையாத உலோகம் என்று எண்ணிவிடக் கூடாது. கடுங்காடிகள் அதைக் கரைக்கும், கடுங்காரங்களும் கரைக்கும். எந்தச் சோப்பால் கழுவுவது என்ற கேள்வி இதிலிருந்துதான் எழுகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். அது மென்மையானது, ஆகவே எவர்சில்வர் கரண்டி கீறும், கீழே விழுந்தால் நசுங்கும். எவர்சில்வரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். தூய வெள்ளீயக் குச்சியைக் காதருகே வைத்து வளைத்தால், உள்ளிருக்கும் படிகங்கள் திசை மாறி ஒன்றோடொன்று உரசுவதால் நெறுநெறுவென்ற ஒலி கேட்கும். 13 பாகைக்குக் கீழே அது மெல்ல மெல்லச் சாம்பல் நிறப் பொடியாக மாறும் இயல்புடையது என்றாலும், கடுங்குளிர் இல்லாமல் இந்த மாற்றம் விரைவாக நடப்பதில்லை. கடையில் வரும் உலோகத்திலுள்ள சிறு கலப்புகளும் அதைத் தடுக்கின்றன. ஊட்டியின் குளிருக்காகச் சொம்பைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

முதற்படி: கையில் இருப்பது வெள்ளீயம்தானா என்று சோதித்தல்

வெள்ளீயம் செம்பைவிட விலை கூடியது. காரீயமோ அதன் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைப்பது. இரண்டும் சேர்ந்து எளிதாக உருகிக் கலக்கும், கலந்தபின் பார்வைக்கு வெள்ளையாகவே இருக்கும். கலப்படத்துக்கு இதைவிட வசதியான சூழ்நிலை வேறு வேண்டாம். காரீயம் புளிப்பில் கரைந்து உணவோடு உடலுக்குள் சென்று எலும்பில் தங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவே காரீயத்துக்கு இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. போதாக்குறைக்கு, அலுமினியக் குண்டானையும் ஈயப் பாத்திரம் என்று அழைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருப்பதால், கடைக்காரரிடம் ஈயம் என்று மட்டும் சொல்லிக் கேட்பது போதாது. வெள்ளீயம் என்று சொல்லிக் கேட்டு, பற்றுச்சீட்டிலும் அப்படியே எழுதி வாங்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைகளில் நம்பத்தக்கது அடர்த்திச் சோதனை. வெள்ளீயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.3 கிராம் எடை உடையது, காரீயம் 11.3, அலுமினியம் 2.7. இந்த இடைவெளி பெரியது என்பதால் சமையலறை மின்தராசே போதும்.

சொம்பை முதலில் உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, சொம்பு முழுவதும் அமிழும் அளவுள்ள ஓர் இலேசான பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் நிரப்பி, அதைத் தராசின் மேல் வைத்து, எண்ணைச் சுழியமாக்குங்கள். தராசின் தாங்குதிறனை மீறாதபடி பார்த்துக்கொள்வது அவசியம். இப்போது சொம்பின் கழுத்தில் நூலைக் கட்டி, வாளியின் அடியிலோ பக்கத்திலோ இடிக்காமல், தண்ணீருக்குள் முழுவதும் அமிழும்படி கையிலேயே தொங்கவிடுங்கள். உள்ளே காற்று தங்கினால் கணக்குப் பிழைக்கும். ஆகவே சாய்த்து மூழ்கவைத்து, குமிழிகள் நின்ற பிறகு தராசைப் பாருங்கள். அது காட்டும் கிராம் எண்ணிக்கையே சொம்பு உலோகத்தின் கன அளவு, கன சென்டிமீட்டரில். உலர்ந்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 730 கிராம் எடையுள்ள தூய வெள்ளீயச் சொம்புக்குத் தராசு ஏறத்தாழ 100 காட்டும். பாதிக்குப் பாதி காரீயம் கலந்திருந்தால் 82 அளவில் நிற்கும். அதாவது அடர்த்தி 8.9. அலுமினியமாக இருந்தால் 270 வரை ஏறிவிடும்.

இந்தச் சோதனையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பத்து விழுக்காடு காரீயம் கலந்தால் அடர்த்தி 7.55 அளவுக்கு உயரும். நூல் சற்று ஆடினாலும் குமிழி ஒன்று தங்கினாலும் வரும் பிழை அதே அளவுக்கு இருக்கக்கூடும். இரண்டு விழுக்காடு கலப்பை இந்த முறையால் பிடிக்கவே முடியாது. ஆகவே 7.5-க்கு மேல் வந்தால் அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம், 7.3 வந்தால் பெருங்கலப்படம் இல்லை என்று மட்டும் கொள்ளலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் நாள்தோறும் புழங்கப்போகும் சொம்பு என்றால், தங்கத்தின் தூய்மையைச் சோதிக்க நகைத் தொழிலில் வைத்திருக்கும் எக்ஸ்-கதிர்க் கருவியிலோ, உலோக ஆய்வுக்கூடத்திலோ காட்டிக் காரீய அளவைத் தெரிந்துகொள்வதே முறை. அந்தக் கருவி பாத்திரத்தைச் சிதைக்காது. பழைய சொம்பு, பாட்டி காலத்துச் சொம்பு என்பதெல்லாம் தூய்மைக்குச் சான்றாகாது. அக்காலத்தில் சோதிக்கக் கருவி இல்லை, கலக்கக் காரீயம் மட்டும் இருந்தது.

வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. காரீயம் பென்சில் போலக் கருங்கோடு போடும், வெள்ளீயம் அவ்வளவாகப் போடாது. கோடு தெளிவாக விழுந்தால் அந்தச் சொம்பை ஒதுக்கிவிடலாம்; ஆனால் கோடு விழவில்லை என்பதை மட்டும் வைத்து நற்சான்று கொடுத்துவிடக் கூடாது.

இரண்டாம் படி: பித்தளைக்கு ஈயம் பூசுதல்

ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளித்ததாம் என்று பழமொழி சொல்கிறது. சமையலறையில் இளிக்கும் உரிமை ஈயத்துக்கே உண்டு. ஈயம் பூசாத பித்தளையில் புளிப்பு எதையும் சமைக்க முடியாது. உட்புறத்தில் மஞ்சள் நிறம் திட்டுத் திட்டாகத் தெரியத் தொடங்கினால் மறுபடியும் பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். நாள்தோறும் ஏற்றும் பாத்திரத்துக்கும், கல்யாணத்துக்கு மட்டும் இறக்கும் அண்டாவுக்கும் ஒரே தவணை இருக்க முடியாது என்பதால், மாதக் கணக்கை நம்பாமல் கண்ணால் பார்த்தே முடிவு செய்வது நல்லது.

இந்த வேலையை வீட்டில் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன். கைத்திறனும் திறந்தவெளியும் வேண்டிய தொழில் இது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால்தான் பூசுபவரின் வேலையை மதிப்பிட முடியும்.

பூசுவதற்குமுன் ஒடுக்குகளைத் தட்டி நேராக்க வேண்டும். பிறகு சுத்தம் செய்வது: எண்ணெய்ப் பிசுக்கு, களிம்பு, பழைய பூச்சின் கறை எதுவும் எஞ்சாமல், புளியும் உப்பும் செங்கல் பொடியும் கொண்டோ, மணலைக் கொண்டோ உட்புறத்தைத் தேய்த்து உலோகத்தின் பளபளப்பை வெளிக்கொணர வேண்டும். பெரிய அண்டாவுக்குள் மணலைப் போட்டு, ஆளே உள்ளே நின்று, காலால் இடமும் வலமுமாகத் திருகித் தேய்ப்பது பழைய முறை. சிலர் நீர்த்த காடி கொண்டும் சுத்தம் செய்கின்றனர். அப்படியானால் அதன்பின் ஏராளமான தண்ணீரில் அலசி உலர்த்த வேண்டும். பூச்சு பின்னால் உரிந்து வருவதற்குப் பெரும்பாலும் இந்தக் கட்டத்தின் அவசரமே காரணம்.

அடுத்து, துருத்தியால் ஊதிய கரி நெருப்பின் மேல் பாத்திரத்தை இடுக்கியால் பிடித்துத் திருப்பித் திருப்பிச் சூடேற்ற வேண்டும். ஈயக்குச்சி தொட்ட இடத்தில் உடனே இளகும் அளவுக்குச் சூடு போதும். பாத்திரம் செந்நிறமாகும் வரை காய்ச்சினால் பித்தளை கெடுவதோடு, ஊற்றிய ஈயமும் எரிந்து மஞ்சளாகவும் கருமையாகவும் படியும்.

சூடான உட்புறத்தில் நவச்சாரப் பொடியைத் தூவிப் பஞ்சால் துடைப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. வெப்பத்தில் அது அம்மோனியாவாகவும் ஐதரோகுளோரிக் காடியாகவும் பிரிகிறது. அந்தக் காடி, சூட்டில் பித்தளையின் மேல் உடனுக்குடன் உருவாகும் ஆக்சைடை நீக்கித் தூய உலோகத்தை ஈயத்துக்குக் காட்டுகிறது. நவச்சாரம் இல்லாமல் ஊற்றிய ஈயம், தாமரை இலைத் தண்ணீராக உருண்டோடுமேயன்றி ஒட்டாது. இந்த நேரத்தில் எழும் வெண்புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். காற்றோட்டமான இடத்தில், காற்று முதுகுப்புறமிருந்து வீசும்படி நின்று செய்வதும், குழந்தைகளை அருகில் விடாதிருப்பதும் கட்டாயம்.

நவச்சாரப் புகை எழுந்துகொண்டிருக்கும்போதே ஈயக்குச்சியை ஓரிரு இடங்களில் தொட்டு, இளகிய துளிகளைப் பஞ்சாலோ மடித்த பருத்தித் துணியாலோ வேகமாகச் சுற்றிலும் இழுத்துப் பரப்ப வேண்டும். அந்த நொடியில் வெள்ளீயம் மேலோட்டமாகப் படிவதோடு நில்லாமல், பித்தளையில் உள்ள செம்போடு சேர்ந்து மெல்லிய கலவைப் படலம் ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது. பூச்சு ஆண்டுக்கணக்கில் பிடித்து நிற்பதற்குக் காரணம் அதுதான். மிகுந்த ஈயத்தைத் துடைத்தெடுத்தபின் பாத்திரத்தைத் தண்ணீரில் இறக்கிக் குளிரவைத்து, நன்றாகக் கழுவ வேண்டும்.

திருப்பித் தரப்பட்ட பாத்திரத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். அடியும் விளிம்பும் மூலையும் ஒரே வெண்மையாக இருக்க வேண்டும். மஞ்சள் புள்ளியோ, கரிய திட்டோ, கையில் இடறும் மணியோ இருந்தால் அந்த இடத்தில் மறுபடியும் பூசச் சொல்லலாம். முதலில் ஒருமுறை தண்ணீரையோ அரிசி கழுவிய நீரையோ கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டுப் பிறகு சமைக்கலாம்.

எல்லாவற்றையும்விட முதன்மையானது பூசப்படும் குச்சி. மின்வேலைக்கென விற்கும் சால்டரிங் குச்சியில் வழக்கமாக 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் இருக்கும். அது 183 பாகையிலேயே இளகத் தொடங்குவதால் வேலைக்கு எளிது, விலையும் மலிவு. அதனால் பாத்திரப் பூச்சுக்கும் அதை எடுத்துவிடும் ஆசை எழுகிறது. இதைத் தடுக்கச் சிறந்த வழி, தூய வெள்ளீயக் குச்சியை நீங்களே வாங்கிக் கொடுப்பது. இலண்டன் உலோகச் சந்தை ஏற்கும் வெள்ளீயத்தின் குறைந்தபட்சத் தூய்மை 99.85 விழுக்காடு, அந்த அளவையாவது கேட்டு வாங்குங்கள். மேலே சொன்ன தராசுச் சோதனையைக் குச்சிக்கும் செய்யலாம்: தூயது 7.3, சால்டரிங் குச்சி 8.5. பூசி முடித்த பாத்திரத்தில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் காண வழியில்லை.

மூன்றாம் படி: ஈயச்சொம்பை அடுப்பில் ஏற்றுதல்

தண்ணீர் இருக்கும்வரை சொம்பு உருகாது. கொதிக்கும் நீர் நூறு பாகையைத் தாண்டாது. சுடர் கொடுக்கும் வெப்பத்தை அது உடனுக்குடன் வாங்கிக்கொள்வதால், உலோகமும் 232-க்கு வெகு கீழேயே நிற்கிறது. எனவே விதிகள் தாமாகவே கிடைக்கின்றன. புளிக்கரைசலையோ பருப்புத் தண்ணீரையோ முதலில் ஊற்றிவிட்டு, அதன் பிறகுதான் அடுப்பை மூட்ட வேண்டும். சொம்பில் பாதிக்குக் குறையாமல் நீர்மம் இருக்கட்டும். சுடர் அடிப்பாகத்துக்குள் அடங்கும்படி சிறிய பர்னரில், சிறு தீயில் வையுங்கள். சுடர் பக்கங்களில் ஏறினால், நீர்மம் தொடாத மேற்பகுதியும் கழுத்தும் இளகிவிடும். இறக்கும்போது முதலில் அடுப்பை அணைத்து, பிறகு சொம்பைத் தூக்க வேண்டும்.

தாளிப்பைச் சொம்பில் செய்யவே கூடாது. எண்ணெயும் நெய்யும் 200 பாகைக்கு மேல் எளிதில் சூடேறும். அடியில் சிறிதளவே எண்ணெய் இருக்கும் நிலையில் உலோகத்தின் சூடு உருகுநிலையை எட்டிவிடும். இரும்புக் கரண்டியில் கடுகும் மிளகாயும் பெருங்காயமும் தாளித்து, இறக்கிய ரசத்தின் மேல் கொட்டுவதே முறை. ஈயச்சொம்பு ரசத்தின் மணத்துக்கு உலோகமே காரணம் என்று பலரும் சொல்கின்றனர். என் எண்ணம் சற்று வேறு: சிறுதீயில் வைத்து, நுரை கட்டியதும் இறக்கி, கடைசியில் தாளித்துக் கொட்டும் ஒழுங்கைச் சொம்பு சமைப்பவர்மேல் கட்டாயமாகச் சுமத்துகிறது, மணத்தில் பாதி அந்த ஒழுங்கிலிருந்து வருகிறது.

இன்டக்‌ஷன் அடுப்பு சொம்பைச் சூடேற்றாது, மைக்ரோவேவிலும் அதை வைக்கக் கூடாது. ரசத்தை இரவு முழுவதும் சொம்பிலேயே விடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். சமைக்கும் நேரத்துக்குள் கரைவது மிகக் குறைவே என்றாலும், புளிப்போடு பல மணி நேரம் நிற்கும்போது அது கூடும்.

நான்காம் படி: கழுவுதலும் பேணுதலும்

சொம்பு ஆறிய பின் மென்மையான பஞ்சும் சாதாரணப் பாத்திரச் சோப்பும் கொண்டு கழுவினால் போதும். கம்பி நார் வேண்டாம். அது கீறுவதோடு, பூச்சுள்ள பித்தளையில் பூச்சையே சுரண்டி எடுத்துவிடும். எரிசோடாவும் (காஸ்டிக் சோடா), பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடும் காரம் மிகுந்த தூளும் வெள்ளீயத்தை மங்கச் செய்து அரிக்கும். அடி பிடித்திருந்தால் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து மரக்கரண்டியால் எடுங்கள். காலப்போக்கில் நிறம் சற்றே மங்குவது இயல்பு. அதைக் குறையாகக் கருதித் தேய்க்கத் தேவையில்லை. அடுக்கும்போது கனமான பாத்திரத்தைச் சொம்பின் மேல் வைக்காதீர்கள்.

வீட்டில் வெள்ளீயம் மறைந்திருக்கும் மற்ற இடங்கள்

தகர டப்பா உண்மையில் எஃகுத் தகடு. அதன் மேல் மைக்ரான் கணக்கில் வெள்ளீயம் பூசப்பட்டிருக்கும். உணவைத் தகரக் கலத்தில் அடைக்கும் முறைக்கு 1810-இல் இலண்டனில் பீட்டர் டியூரண்ட் காப்புரிமை பெற்றார். மூடிய டப்பாவுக்குள் காற்று இல்லாதபோது, பழக்காடியில் வெள்ளீயம் தான் மெல்லக் கரைந்து எஃகைக் காக்கிறது. திறந்து காற்றுப் பட்டதும் கரைதல் வேகமெடுக்கிறது. ஆகவே அன்னாசியோ தக்காளியோ மீதமானால், டப்பாவோடு குளிர்பதனப் பெட்டியில் வைக்காமல் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். டப்பா உணவில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரை வெள்ளீயம் இருக்கலாம் என்று கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவு நெறிமுறை வரம்பிட்டுள்ளது. அதற்கு மேல் போனால் வயிற்றுக் குமட்டல் வரக்கூடும். உப்பிய டப்பா, விளிம்பில் நசுங்கிய டப்பா, துருப்பிடித்த டப்பா ஆகியவற்றை வாங்கவே வேண்டாம். குளிர்பானக் கலங்கள் பெரும்பாலும் அலுமினியம் என்பதால் இந்தப் பேச்சு அவற்றுக்குப் பொருந்தாது. வீட்டில் உணவு சுற்றும் பளபளத் தாளும் இன்று அலுமினியமே.

மின்னணுப் பொருள்களில் பற்றாகப் பயன்படும் கலவையில் காரீயத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் கட்டுப்படுத்தியது. அதன்பின் பரவிய கலவையில் 96.5 விழுக்காடு வெள்ளீயமும், 3 விழுக்காடு வெள்ளியும், அரை விழுக்காடு செம்பும் உள்ளன. அது இளக ஏறத்தாழ 217 பாகை வேண்டும். வீட்டில் வானொலியோ மின்விளக்கோ பழுது பார்ப்பவர்கள் காரீயமற்ற கம்பியையே வாங்கலாம். பழைய கம்பியைக் கொண்டு வேலை செய்தால், கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது, சமையல் மேடையை வேலை மேசையாக்கவும் கூடாது.

வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் கிடைத்த மெல்லிய வெண்கலக் கிண்ணங்களில் வெள்ளீயம் ஏறத்தாழ 23 விழுக்காடு அளவுக்கு இருக்கிறது. கோயில் மணியின் நாதத்துக்கும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம் வேண்டும். ஜன்னல் கண்ணாடி சமதளமாக இருப்பதற்கும் இந்த உலோகமே காரணம்: 1950-களில் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் வகுத்த முறைப்படி, உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத்தான் தகடாக்குகின்றனர். சில பற்பசைகளில் உள்ள ஸ்டானஸ் ஃபுளோரைடும், தொடுதிரையின் மேலுள்ள மின்கடத்தும் படலமும் வெள்ளீயம் சேர்ந்தவையே.

பழைய சொம்பை விற்கும்போது

அடி ஓட்டையான ஈயச்சொம்பைத் தூக்கி எறிய வேண்டாம். வெள்ளீயம் முழுவதுமாக மறுபடி உருக்கிப் பயன்படுத்தத்தக்கது. பழைய பாத்திரக் கடையில் அதை அலுமினியத்தோடு சேர்த்து எடை போட்டால் இழப்பு உங்களுக்கே. முதலில் வீட்டில் தராசுச் சோதனை செய்து, அடர்த்தியைக் குறித்துக்கொண்டு, வெள்ளீயம் என்று தனியே சொல்லி விலை கேளுங்கள். அதே கடையில் புதுச் சொம்புக்கு மாற்றிக்கொள்வதானால், புதியதையும் அங்கேயே எடை போட்டு, பற்றுச்சீட்டில் வெள்ளீயம் என்ற சொல்லும் எடையும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.